நாய்க்கடி ஊசி: யாழ்ப்பாணத்து அரச வைத்தியசாலைச் சேவை எப்படி?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மருந்து, முறை, செலவு என்று பார்த்தால் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். நோயாளிக்கு விளக்கம் சொல்வதற்கு இரண்டு. நாயின் பக்கத்து வேலைக்கு, அதாவது கடித்த நாயைக் கண்காணிப்பது, செத்த நாயின் தலையைப் பரிசோதனைக்கு அனுப்புவது, ஊர் நாய்களுக்கு ஊசி போடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டரை. கடி வாங்கிய ஆள் வைத்தியசாலை வாசலுக்கு வரமுன்னர் வீட்டில் நடக்கிற வைத்தியத்துக்குத்தான் புள்ளி போட மனம் வரவில்லை. ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்த இடம்தான்.

சனம் 'நாய்க்கடி ஊசி', 'விசர் ஊசி' என்று சொல்கிற ரேபிஸ் தடுப்புச் சிகிச்சையைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள்தான் குடாநாட்டாரும் தீவாரும் இதற்கு வழக்கமாகப் போகிற இடங்கள். (பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை இருப்பது மந்திகையில். ஓட்டோக்காரரிடம் 'மந்திகை ஆஸ்பத்திரி' என்று சொன்னால் அலையாமல் போய்ச் சேரலாம்.) சின்ன வைத்தியசாலைக்குப் போனாலும் வீண் இல்லை, காயத்தைக் கழுவி, பார்த்து, தேவையென்றால் பெரிய இடத்துக்குத் துண்டு எழுதித் தருவார்கள். முகம் கழுத்தெல்லாம் கிழிந்து இரத்தம் நிற்காமல் போனால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அதுவும் இலவசம்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. அறிகுறி தொடங்கிய பிறகு இதற்கு வைத்தியம் இல்லை. தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுகிறது, காற்றுப் பட்டால் உடம்பு துடிக்கிறது என்ற கட்டத்துக்கு வந்தவர் சில நாட்களில் இறந்துவிடுவார். உலகத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இப்படிச் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பத்தில் நாலு பேர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். இலங்கையில் 1973இல் மட்டும் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. இறக்கியது இரண்டு ஊசிகள்: நாய்க்குப் போடுவது, கடிபட்டவருக்குப் போடுவது.

2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் பரவிச் சில நாட்களுக்குள் பலர் இறந்தபோது குடாநாடு முழுக்க அந்த நோயைப் பற்றித்தான் கதையாக இருந்தது. குளிசை வாங்க வரிசை நின்றார்கள். விசர்நாய்க்கடி ஒவ்வொருவராகத்தான் எடுக்கிறது. செத்தவீட்டோடு கதையும் முடிந்துவிடும். பயம் பரவாத நோய்க்கு அறிவும் பரவுவதில்லை.

இனி வீட்டு வைத்தியம். கடிபட்ட உடனே காயத்தை ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துப் 15 நிமிடம். மனக்கணக்கில் கழுவினால் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவீர்கள். ரேபிஸ் வைரசைச் சுற்றிக் கொழுப்பு உறை இருக்கிறது. சவர்க்காரம் அந்த உறையைக் கரைத்தால் வைரஸ் செயலிழந்துவிடும். ஆகவே மருந்துச் சவர்க்காரம் தேடி ஓடத் தேவையில்லை, உடுப்புத் தோய்க்கிற கட்டியே போதும். வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு இருப்பது கழுவுவதில் சேராது, ஏனென்றால் கழுவுப்பட்ட எச்சில் அந்த வாளிக்குள்ளேதான் இருக்கும். பைப் இல்லாத வளவென்றால் கிணற்றடியில் ஒருவர் மேலிருந்து ஊற்ற, மற்றவர் நுரை காயத்தின் உள்ளுக்குள் போகிறமாதிரி விரலால் தேய்க்க வேண்டும். தேய்க்கிறவரின் கையில் வெட்டுக்காயம் இருந்தால் பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளட்டும். பிள்ளை கத்தும், இரத்தம் கொஞ்சம் கூட வரும், விடாமல் கழுவ வேண்டும். பிறகு பெட்டடின் இருந்தால் பூசலாம். இல்லையென்றால் அப்படியே கிளம்பலாம்.

நடைமுறையில் நடப்பது வேறு. காயத்தில் மிளகாய்த்தூள், கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய். மிளகாய்த்தூள் எரிந்தால் விசம் முறிகிறது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. எரிகிறது மிளகாய், வைரஸ் பாட்டுக்கு இருக்கும். புண்பட்ட தசையை அது இன்னும் புண்ணாக்கும், பிறகு வைத்தியசாலையில் முதல் வேலை அதைச் சுரண்டிக் கழுவுவதாகத்தான் இருக்கும், அது கடியைவிட நோகும். காலில் கயிறு இறுக்கிக் கட்டுவதும் பாம்புக்கடிக் காலத்துப் பழக்கம். ரேபிஸ் வைரஸ் இரத்தத்தில் ஏறிப் போவதில்லை. காயத்திலிருந்து நரம்பு வழியே மூளையை நோக்கி மெதுவாக நகர்கிறது. கயிறு தடுக்காது, காலைத்தான் கெடுக்கும். முகத்தில், தலையில், கழுத்தில் கடிபட்டால் அவசரம் கூடுவதும் இதனால்தான்: அங்கிருந்து மூளைக்கு வழி குறுகியது. விரல் நுனிகளில் நரம்பு செறிந்திருப்பதால் அவையும் அந்தப் பட்டியலில் வரும்.

விசகடி வைத்தியரிடம் பார்வை பார்ப்பது, நூல் கட்டுவது பற்றி ஒரு சொல். மன ஆறுதலுக்குப் போகிறவரைத் தடுக்க வேண்டாம், ஆனால் ஊசிக்குப் போய்விட்டுப் போகட்டும். விசர்நாய் கடித்தாலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. கடித்த பெரும்பாலான நாய்களுக்கு விசரும் இல்லை. அதனால் பார்வை பார்த்தவர்களில் நிறையப் பேர் பிழைத்துத்தான் இருப்பார்கள், வைத்தியரின் பேரும் கூடிக்கொண்டு போகும். தோற்றுப்போன ஒருத்தர் திரும்பி வந்து முறைப்பாடு செய்யப் போவதில்லை.

வைத்தியசாலைக்குள் வந்தால் முதலில் கேட்பது என்ன மிருகம், எங்கே கடித்தது, தோல் வெடித்ததா, இரத்தம் வந்ததா, மிருகம் இப்போது எங்கே, அதற்கு ஊசி போட்ட அட்டை இருக்கிறதா என்பவைதான். இந்தப் பதில்களை வைத்துத்தான் 'மேஜர்', 'மைனர்' என்று பிரிக்கிறார்கள். மேஜருக்குத் தடுப்பூசியோடு சீரமும் (அது என்னவென்று கீழே சொல்கிறோம்), மைனருக்குப் பொதுவாகத் தடுப்பூசி மட்டும். தலை, முகம், கழுத்து, உள்ளங்கை, விரல் நுனி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் இரத்தம் வந்த கடி, எந்த இடத்திலென்றாலும் ஆழமான கடி, கண்ணுக்குள்ளோ வாய்க்குள்ளோ பட்ட எச்சில், காட்டு மிருகம் இரத்தம் வரக் கடித்தது ஆகியவை மேஜர். காலிலோ கையிலோ மேலோட்டமான கீறல், ஏற்கெனவே இருந்த புண்ணை நாய் நக்கியது போன்றவை மைனர். விசர் பிடித்த மாட்டின் அல்லது ஆட்டின் பச்சைப் பாலைக் குடித்ததும் மைனரில் சேரும்; காய்ச்சிக் குடித்திருந்தால் பயமில்லை. வெடிப்பில்லாத தோலை நாய் நக்கினால் கழுவினால் போதும், ஊசி வேண்டாம்.

இந்தப் பகுதியில்தான் விளக்கத்துக்கு இரண்டு புள்ளி என்று எழுதினோம். அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதப்படும், நோயாளி அதை வாசிக்க மாட்டார், யாரும் சொல்லவும் மாட்டார்கள். தனக்கு ஏன் இரண்டு விதமான ஊசி, பக்கத்துக் கதிரையில் இருக்கிறவருக்கு ஏன் ஒன்று என்று தெரியாமல் 'எங்களுக்கு மட்டும் கூடப் போடினம்' என்றும் 'எங்களுக்குக் குறைச்சுப் போடினம்' என்றும் முணுமுணுப்பு ஓடும். கேளுங்கள். 'மிஸ், இது மேஜரோ மைனரோ? சீரம் தேவையோ?' என்ற இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல அரை நிமிடம் போதும்.

பெரிய குழப்பம் ஏற்பு (டெட்டனஸ்) ஊசியில். நாய் கடித்தால் ஏற்பு வலிக்கான தடுப்பூசியும் போடுவார்கள், அது சரிதான். சந்தியிலுள்ள டிஸ்பென்சரியில் அந்த ஒரு ஊசியை மட்டும் போட்டுவிட்டு, புண்ணுக்குக் குளிசையும் வாங்கிக்கொண்டு, 'ஊசி போட்டாச்சு' என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்பு ஊசிக்கும் ரேபிசுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒருவர் 'ஊசி போட்டாச்சு' என்றால் எந்த ஊசி, எத்தனை தரம் வரச் சொன்னார்கள் என்று கேளுங்கள். ஒரே ஊசியோடு முடிந்தது என்றால் அது பெரும்பாலும் ஏற்பு ஊசிதான்.

சீரம் என்பது ரேபிஸ் இம்யூனோகுளோபியுலின், ஆயத்தமாகச் செய்து வைத்த எதிர்ப்பொருள். தடுப்பூசி போட்டு உடம்பு தன் எதிர்ப்பொருளை உருவாக்க ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். அந்த இடைவெளியில் காயத்துக்குள்ளேயே வைரசை மடக்குவது சீரத்தின் வேலை. அதனால்தான் அதைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் குத்துகிறார்கள். குதிரையிலிருந்து எடுத்ததென்றால் உடம்பு நிறையில் கிலோவுக்கு 40 அலகு, மனிதரிலிருந்து எடுத்ததென்றால் 20 அலகு. 50 கிலோ ஆளுக்குக் குதிரைச் சீரம் 2,000 அலகு, 15 கிலோப் பிள்ளைக்கு 600. இந்தக் கணக்கு இருப்பதால் நிறை பார்க்காமல் மருந்து ஏற்ற முடியாது. பிள்ளையைத் தராசில் நிறுத்தும்போது அவசரப்படுத்த வேண்டாம்.

குதிரைச் சீரத்துக்குச் சிலருக்கு ஒவ்வாமை வரலாம் என்பதால் முதலில் முன்கையில் சிறிதளவு போட்டுத் தோலைப் பார்ப்பார்கள், விடுதியில் வைத்துக் கண்காணிப்பார்கள். 'ஒரு நாய்க்கடிக்கு வார்ட்டில போடுறாங்கள்' என்று சலித்துக்கொண்டு கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிப் போனால் சிகிச்சையின் மிக விலை உயர்ந்த பகுதியை விட்டுவிட்டுப் போகிறீர்கள். ஆஸ்மா இருந்தாலோ, முன்பு ஏதாவது சீரத்துக்குத் தடிப்பு வந்திருந்தாலோ கேட்காமலே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்துக் காய்ச்சல், மூட்டு நோ, தோலில் தடிப்பு வந்தால் அது சீரத்தின் பின்விளைவாக இருக்கலாம். அட்டையோடு திரும்பப் போங்கள்.

சீரம் நோகும். மறைக்க ஒன்றுமில்லை. அதிலும் விரலில் பூனை கடித்த காயத்துக்குள் ஏற்றும்போது இடமே இருக்காது, தோல் வெளுத்து இறுகும், டொக்டர் கொஞ்சங் கொஞ்சமாக நிறுத்தி நிறுத்தித்தான் குத்துவார். கூட ஏற்றினால் விரலுக்கு இரத்தம் ஓடாமல் போகும். நிறையக் கடிகள் இருந்து மருந்து போதாமல் போனால் சேலைன் கலந்து அளவைக் கூட்டி எல்லாக் காயத்துக்கும் பங்கிடுவார்கள். மருந்தைத் தண்ணியாக்கி ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், ஒரு காயத்தைத் தவறவிடுவதுதான் ஆபத்து. அதனால் தலைமயிருக்குள், காதுக்குப் பின்னால், தொடையின் பின்பக்கம் உள்ள சின்னக் கீறலையும் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு உடுப்பைக் கழற்றிப் பார்ப்பது அவசியம்.

தையல் விசயத்தில் நோயாளியின் ஆட்கள் டொக்டரோடு பிடிக்கிற சண்டை வேறு. 'முகம் விரிஞ்சு கிடக்கு, தைக்காமல் விட்டால் வடு வருமே' என்பார்கள். நாய்க்கடிக் காயத்தை உடனே இறுக்கித் தைத்தால் எச்சிலை உள்ளே வைத்து மூடியது போலாகும். தைத்தே ஆகவேண்டிய காயமென்றாலும் சீரம் ஏற்றிய பிறகு, தளர்வாகத்தான் போடுவார்கள். தனியார் இடமொன்றில் அழகாகத் தைத்துக்கொண்டு வந்த காயத்துக்குள் சீரம் ஏற்றுவது எவ்வளவு சிக்கல் என்பது ஏற்றுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

தடுப்பூசியைப் பற்றி ஊரில் உலவுகிற பெரிய பயம், தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசி. அது விலங்கின் மூளைத் திசுவிலிருந்து செய்த பழைய மருந்து, இலங்கையில் 1995இல் நிறுத்தப்பட்டது. இப்போது போடுவது இரண்டு தோளிலும் தோலுக்குள் 0.1 மில்லிலீற்றர் வீதம். ஊசி சரியாகத் தோலுக்குள் போனால் அந்த இடத்தில் சிறு கொப்புளம் போல எழும்பி, தோல் தோடம்பழத் தோல் மாதிரித் தெரியும். எழும்பவில்லை என்றால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது, பக்கத்தில் திரும்பப் போடுவார்கள். அதைப் 'பழகுனர் ஆள் பிழையாகக் குத்திப்போட்டா' என்று முகநூலில் எழுதுகிறவர்கள், திரும்பப் போட்டதால்தான் தங்களுக்கு முழு மருந்து கிடைத்தது என்பதைக் கவனிப்பதில்லை. ஊசி போட்ட இடத்தை உரஞ்ச வேண்டாம், எண்ணெய் பூச வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம்.

காத்திருக்க வைப்பதுதான் அதிகம் கேட்கிற முறைப்பாடு. காரணம் குப்பியில் இருக்கிறது. ஒரு குப்பியிலிருந்து பலருக்குப் போடலாம், ஆனால் திறந்த குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்தாலும் 6 முதல் 8 மணித்தியாலத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். ஆகவே ஆட்களைச் சேர்த்து ஒன்றாகப் போடுகிறார்கள். இரண்டாம், மூன்றாம் ஊசிக்கு விடியக் காலையே போய்விட்டால் பெரும்பாலும் வரிசையோடு முடித்துக்கொண்டு வரலாம். பின்னேரம் தனியாகப் போனால் 'நாளைக்கு விடிய வாங்கோ' என்று சொல்ல வாய்ப்பு உண்டு. முதல் ஊசிக்கு இந்தக் கணக்கு கிடையாது. இரவு பத்து மணியென்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

வழக்கமான திகதிகள் 0, 3, 7, 30. 0 என்பது முதல் ஊசி போட்ட நாள், கடித்த நாள் அல்ல. முறைகள் காலத்துக்குக் காலம் மாறும், ஆளுக்கு ஆளும் மாறலாம். ஆகவே அட்டையில் எழுதித் தருகிற திகதிதான் சட்டம். அட்டையைக் கையில் வாங்கியதும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மழைக்கு நனைந்து மை கரைந்த அட்டையோடு வருகிறவரிடம் எதைக் கேட்டாலும் 'மிஸ்தான் எழுதினவ' என்பார். ஒரு திகதி தவறிப்போனால் முதலிலிருந்து தொடங்குவார்கள் என்று பயந்து வராமலே விடுகிறார்கள். பொதுவாக அப்படித் தொடங்குவதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கோயில் திருவிழா, கடலுக்குப் போனது, சோதனை என்று எந்தக் காரணம் இருந்தாலும் அடுத்த நாளே போங்கள்.

மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கிற குளோரோகுயின் வகைக் குளிசை எடுப்பவர்கள், ஸ்டீரொயிட் எடுப்பவர்கள், புற்றுநோய் மருந்தில் இருப்பவர்கள் அதை முதல் நாளே சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தோலுக்குள் போடுகிற முறை போதாமல் போகலாம், தசைக்குள் போட வேண்டி வரும். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் போடலாம், போடத்தான் வேண்டும். சாப்பாட்டுக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. கத்தரிக்காய், இறால், நண்டு, தக்காளி எல்லாம் கிரந்தி என்று ஒரு மாதம் பிள்ளையை வெறும் சோற்றோடு வைத்திருப்பது வீண் தண்டனை. தலைக்குக் குளிக்கலாம்.

காலம் கடந்துவிட்டது என்று வராமல் இருப்பவர்களுக்கும் ஒன்று. கடியிலிருந்து அறிகுறி வரப் பொதுவாக இரண்டு, மூன்று மாதம் எடுக்கும். ஒரு கிழமையிலும் வரலாம், ஒரு வருடத்திலும் வரலாம். ஆகவே கடித்து ஒரு மாதம் ஆகியிருந்தாலும் அறிகுறி இல்லையென்றால் சிகிச்சை தொடங்கலாம். சீரத்துக்குள்ள ஏழு நாள் எல்லை முதல் தடுப்பூசியிலிருந்து எண்ணுவது, கடியிலிருந்து எண்ணுவதில்லை. மூன்று கிழமைக்கு முன் பூனை பிராண்டியதை அம்மாவுக்குப் பயந்து மறைத்த பிள்ளையை அடிக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். அடித்தால் அடுத்த முறையும் மறைக்கும்.

எந்த மிருகம் என்ற கேள்விக்கு வருவோம். நாய், பூனை, மாடு, ஆடு, குரங்கு, கீரி, மரநாய் என்றால் போகத்தான் வேண்டும். வீட்டெலி, முயல் கடித்ததற்குப் பொதுவாக இந்த ஊசி தேவைப்படுவதில்லை. 'வீட்டு நாய்தானே', 'குட்டிதானே, பல்லே முளைக்கேல்ல' என்ற இரண்டு வாக்கியமும்தான் அதிகம் ஏமாற்றுகின்றன. கட்டாக்காலி நாய் கடித்தால் ஓடி வருகிறவர்கள், தெருவில் எடுத்து வளர்த்த ஆறு கிழமைக் குட்டி கையைக் கௌவினால் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். தாய் நாய் எதுவென்று தெரியாத குட்டி அது.

விசரென்றால் வாயில் நுரை தள்ளி ஊரைக் கலைக்கிற நாய் என்றுதான் சனம் நினைக்கிறது. அமைதியான விசரும் இருக்கிறது. நாய் மூலைக்குள் போய் ஒதுங்கும், தாடை தொங்கும், விழுங்க முடியாமல் வீணீர் வடியும், குரல் மாறும். 'தொண்டையில முள்ளு சிக்கிட்டுது' என்று வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள். மாட்டுக்கும் இதே கதை: தீன் எடுக்கவில்லை, வீணீர் வடிகிறது, தொண்டைக்குள் ஏதோ அடைத்திருக்கிறது என்று முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவுவார்கள். பல் படவில்லை என்பதால் கடி இல்லை என்றே கணக்கு வைப்பார்கள். கையில் வேலி முள் கீறிய காயம் இருந்திருந்தால் அதுவே வாசல். அப்படித் துழாவிய ஒவ்வொருவரும் பெயர் சொல்லி வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கடித்த நாயை 14 நாள் கவனிக்கச் சொல்வார்கள். காரணம் எளிது: எச்சிலில் வைரஸ் வருகிற கட்டத்துக்கு வந்த நாய் அந்தக் காலத்துக்குள் நோய்வாய்ப்படும் அல்லது சாகும். கட்டி வையுங்கள், அல்லது அறைக்குள் பூட்டிச் சாப்பாடு போடுங்கள், ஒவ்வொரு நாளும் பாருங்கள். 14 நாளும் நன்றாக இருந்தால் மிச்ச ஊசியை என்ன செய்வது என்று டொக்டர் முடிவெடுப்பார். முடிவு உங்களுடையது அல்ல. கவனித்துவிட்டு ஊசிக்குப் போவோம் என்று காத்திருப்பதும் உங்கள் முடிவு அல்ல. ஒழுங்காக ஆண்டுதோறும் ஊசி போட்டு அட்டை வைத்திருக்கிற, வளர்ந்த, சுகமான நாய், காயமும் மேலோட்டமானது என்றால் மட்டும் கவனித்துக்கொண்டு பொறுக்கலாம் என்று டொக்டர் சொல்லக்கூடும். ஆகவே நாயின் அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். 'போட்டதுதான், அட்டை எங்கேயோ' என்றால் போடாததாகவே எடுப்பார்கள், அதுதான் சரி.

ஊர் செய்வது இன்னொன்று: பொல்லெடுத்து அடித்துக் கொன்று அன்றைக்கே புதைத்துவிடுவது. அதோடு அந்த நாய் யார் யாரைக் கடித்தது, அதற்கு விசர் இருந்ததா என்ற பதிலும் புதைந்துவிடும். சந்தேகமான நாய் செத்தால் தலையைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அல்லது கால்நடை வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள். தலையை நீங்களே வெட்டப் போகாதீர்கள், மூளைத் திசு தெறித்தால் அதுவே ஆபத்து. ஒழுகாத பொலித்தீன் பைகள் இரண்டு மூன்றில் கட்டி, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் சுற்றி வைத்து அனுப்ப வேண்டும். போர்மலின் ஊற்றினால் பரிசோதனை கெட்டுவிடும். யாழ்ப்பாணத்து வெயிலில் ஒரு நாள் கிடந்த தலையால் பிரயோசனம் குறைவு. கொழும்பு தூரம், ஐஸ் உருகும், ஞாயிற்றுக்கிழமையென்றால் ஆளைப் பிடிக்க முடியாது. நாயின் பக்கத்து வேலைக்கு வெட்டிய இரண்டரைப் புள்ளியில் பாதி இங்கேதான் போனது. பெறுபேறு வரும்வரை ஊசியை நிறுத்தி வைக்க வேண்டாம்.

மற்றப் பாதி நாய்த் தடுப்பூசியில். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்துகிற முகாம்களில் இலவசமாகப் போடுகிறார்கள். 70 வீதமான நாய்களுக்குப் போட்டால் பரவல் அறுபடும் என்பது உலக அளவில் வைத்திருக்கிற இலக்கு. முகாமுக்குக் கழுத்தில் சங்கிலி போட்ட நாய்கள் வருகின்றன. சந்தையடி, மீன் இறக்குகிற கரை, கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் திரிகிறவை வருவதில்லை. அவற்றைப் பிடிக்க ஆளும் வலையும் வேண்டும். சாப்பாடு வைக்கிறவர் கூப்பிட்டால் வருகிற நாய்தானே பாதிக்கு மேல், அவர்களையே முகாமுக்குக் கூட்டி வரச் சொன்னால் வேலை பாதியாகும். பூனைக்கும் போடலாம் என்பது முகாமுக்கு வருகிறவர்களுக்கே பெரும்பாலும் தெரிவதில்லை.

நெடுந்தீவு போன்ற இடத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: குறிகாட்டுவானுக்குப் படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதற்குப் பிறகும் வழி இருக்கிறது. படகைப் பிடிக்கிற அவசரத்தில் கழுவுவதைக் குறைக்கக் கூடாது. கடைசிப் படகு போய்விட்டால் தீவிலுள்ள வைத்தியசாலையில் காட்டி, அடுத்த நாள் எங்கே போவது என்று அங்கிருந்தே போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

தனியார் இடங்கள் தேவையா? தடுப்பூசி மட்டும் வேண்டிய மைனர் கடி, வரிசையில் நிற்க முடியாத ஆள் என்றால் போகலாம். அங்கே பெரும்பாலும் தசைக்குள், ஒவ்வொரு தடவையும் ஒரு முழுக் குப்பி. நாலு ஐந்து தடவைக்குக் காசைக் கணக்குப் பார்த்துத் தொடங்குங்கள், இடையில் நிறுத்துகிற சாமான் இல்லை அது. தோளில்தான் போட வேண்டும், பிள்ளைக்குத் தொடையில் போடலாம், பிட்டத்தில் போடச் சம்மதிக்காதீர்கள். கொழுப்புக்குள் போய்ப் பலன் குறையும். குப்பி குளிர்பெட்டியிலிருந்து வருகிறதா, கரண்ட் போனால் என்ன செய்கிறார்கள் என்று கேட்பதில் வெட்கம் இல்லை. மேஜர் கடியென்றால் 'சீரம் இருக்கா?' என்று வாசலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் ஓட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டே நேரே போதனாவுக்கோ கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ விடச் சொல்லுங்கள். முன்பு முழுதாகப் போட்ட பழைய அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்: அது இருந்தால் சீரம் பொதுவாகத் தேவைப்படாது, ஊசியும் இரண்டோடு முடியக்கூடும்.